வடக்கு எனக்கு, தெற்கு உனக்கு

சென்னையிலிருந்து சுற்றறிக்கை ஒன்று வந்திருக்கிறது. ஸ்டென்சில் மை சரியாகக் காயுமுன்னே உறையில் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. பிரித்ததும் அந்த எண்ணெய் நாற்றம் மூக்கில் ஏறியது. உன் சட்டைப் பையில் எந்நேரமும் திணித்துக்கொண்டு அலைவாயே, உன் கம்பெனி விலைப் பட்டியல்கள், அவற்றின் நாற்றம் இதுதான். பஸ்ஸில் உன் பக்கத்தில் உட்கார்ந்தால் முதலில் அதுதான் வரும், பிறகுதான் நீ.

வெளியூர் சுற்றுகிற மெக்கானிக்குகளில் குறைந்த நாளில் அதிக இடம் பார்க்கிறவன் நானாம். அதனால், பிரயாணத்தில் நேரத்தை வீணாக்காமல் வேலை முடிப்பது எப்படி என்று புதிய ஆட்களுக்காக இரண்டு பக்கம் எழுதி அனுப்ப வேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள்.

ஆத்தூரில் ஒரு வெற்றிலைக் கொடிக்காலில், பம்ப் ஷெட் வாசலில் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் எழுதி முடித்துவிட்டேன். தூரத்து ஊரை முதலில் பார், பக்கத்து ஊரைத் திரும்பும்போது பார். எஞ்சின் சூடேறுகிற நேரத்தில் டைரியை எழுது. ஸ்பானர்களை அளவு வரிசையில் சுருட்டி வை, தேடுகிற நேரம் மிச்சம். சாப்பாட்டை பஸ் புறப்படுகிற இடத்தில் வைத்துக்கொள், வேலை நடக்கிற இடத்தில் வைத்துக்கொள்ளாதே. திரும்பப் படித்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் உண்மை. மொத்தமும் பொய். ஆறு நாளில் ஏழு ஊர் பார்த்தது இவற்றால் அல்ல, உன்னால். அதை அந்தத் தாளில் எழுத முடியாது. அதை மடித்து மேலதிகாரிக்கு அனுப்பிவிட்டேன். இனி அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. இது உனக்கு.

மணப்பாட்டில் உன்னை அடக்கம் செய்து ஐந்து வாரம் ஆகிறது.

நம்முடைய முதல் சந்திப்பே சண்டைதான். யுத்தம் முடிந்த மறு வருஷம். பெட்ரோல் கிடைக்காத காலம், கரி பஸ்தான். வேம்பாரிலிருந்து வருகிற வழியில், குளத்தூரைத் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. பின்னால் கட்டியிருந்த கரி அடுப்பு அணைந்துபோயிருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். நீ சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவதுபோல் ஒரு வேலிக்காத்தான் முள்ளில் மாட்டிவிட்டு, அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தாய்.

"ஏலே, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி நிக்காத. இந்த விசிறியச் சுத்து."

"நான் பாசஞ்சர். சுத்துறது என் வேலை இல்லை."

"நானுந்தான் பாசஞ்சர். நீ சுத்துனா அரை மணில ஊரு. சுத்தாட்டா இங்கனயே ராத்தங்கல். ஒனக்குத்தான் அவசரம், எனக்கு என்ன?"

சுற்றினேன். சுற்றிக்கொண்டே, நீ எங்கள் போட்டிக் கம்பெனியின் ஆள் என்று தெரிந்துகொண்டேன். உப்பளங்களில் தண்ணீர் இறைக்கிற எஞ்சின்களில் பாதி உன் கம்பெனி விற்றது, பாதி என் கம்பெனி விற்றது. மாதம் ஒரு தடவை போய்ப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட வேண்டும். நடுவில் தூத்துக்குடி. வடக்கே வேம்பார், வைப்பார் என்ற ஊர்கள். தெற்கே ஆத்தூர், மணப்பாடு. ஒரே சாலையில், ஒரே பஸ்ஸில், ஒரே ஊருக்கு, பக்கத்துப் பக்கத்து எஞ்சினைப் பார்க்க இரண்டு பேர் தனித்தனியாக அலைந்துகொண்டிருந்தோம். இதைவிட முட்டாள்தனமான ஏற்பாட்டை நான் கண்டதில்லை.

யோசனை என்னுடையது. அதை உன் தலையில் யாரும் கட்டக் கூடாது. ரயிலடிக்குப் பக்கத்துக் காபிக் கடையில் ஒரு காகிதத்தில் கடற்கரையை வரைந்து, நடுவே ஒரு கோடு போட்டேன். வடக்கே இருக்கிற உன் எஞ்சின்களையும் நான் பார்த்துவிடுகிறேன். தெற்கே இருக்கிற என் எஞ்சின்களையும் நீ பார். சனிக்கிழமை சாயங்காலம் இங்கே வந்து சீட்டு மாற்றிக்கொள்வோம். என் சீட்டைப் பார்த்து நீ உன் டைரியில் எழுது, உன் சீட்டைப் பார்த்து நான் எழுதுகிறேன். அலைச்சல் பாதி.

நீ சிரித்தாய். "தெரிஞ்சா ரெண்டு கம்பெனிக்காரனும் சேந்து நம்மள வேப்பலோடை உப்பளத்துல காயப் போட்டுருவானுவ."

"தெரியாது."

"சரி. ஆனா ஒரு கண்டிசன்" என்றாய். சீட்டில் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு வார்த்தை எழுத வேண்டும். தானே திறந்து தொட்டுப் பார்த்திருந்தால் 'கை'. ஓட்டுகிறவர் சொல்லக் கேட்டு எழுதினால் 'காது'. "காதுன்னு எழுதுறது ஒண்ணும் தப்பு இல்ல. நேரம் இல்லேன்னா காதுன்னு போட்டுரு. நான் பின்னால ஒரு நாள் போய்ப் பாத்துக்கிடுதேன். ஆனா காத கைன்னு எழுதிராத."

பதினோரு மாதம் அப்படி நடந்தது. என் நேரமும் உன் நேரமும் ஒரே மாதிரி மிச்சமாகவில்லை. நான் மிச்சப்படுத்திய நேரத்தில் இன்னொரு ஊரைச் சேர்த்தேன். நீ அதே ஊரில் இன்னும் கொஞ்சம் இருந்தாய். காத்திருப்பது என்றால் எனக்கு உடம்பு எரியும். உனக்கோ காத்திருக்கிற இடமெல்லாம் ஆபீஸ். தோணிக்காரர்கள் காற்று பார்த்து உட்கார்ந்திருந்தால் நீயும் உட்கார்ந்து பேசி, அவர்களில் ஒருவருடைய மச்சானுக்கு ஒரு பம்ப் விற்றுவிட்டு எழுந்து வருவாய். உன் சீட்டுகளில் மூன்றில் ஒன்று 'காது' என்று இருக்கும். அதைப் படித்துவிட்டு, "என்னல, உன் பக்கத்துல காதுதான் வேலை செய்யுது" என்று கிண்டல் பண்ணுவேன். என் சீட்டுகளில் 'காது' இருந்ததே இல்லை. எனக்கு அதில் ஒரு கர்வம்.

அந்த வியாழக்கிழமை கீழவைப்பாரில் எங்கள் எஞ்சின்கள் மூன்றையும் முடித்தபோது மணி இரண்டே கால். மூன்று மணிக்கு பஸ். அதை விட்டால் மறுநாள்தான். உன் கம்பெனி எஞ்சின் ஒன்று பாக்கி இருந்தது, உப்பு முதலாளியின் லாஞ்சில் இருப்பது. உப்புத் தோணிகளை இழுத்துக்கொண்டு கப்பல் வரைக்கும் போகிற லாஞ்சு அது. கப்பல்தான் கரைக்கு வராதே, ஐந்து மைலுக்கு அப்பால் நங்கூரம் போட்டு நிற்கும். எஞ்சின் கடல் தண்ணீரை உறிஞ்சித்தான் தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அந்தத் தண்ணீர் வருகிற வழியில் ஒரு வடிகட்டி. அதைத் திறந்து பார்க்க, இடுப்பளவு தண்ணீரில் நடந்து லாஞ்சில் ஏறி, கயிற்றுச் சுருள்களை நகர்த்தி, பலகையைப் பெயர்க்க வேண்டும். ஒரு மணி நேர வேலை.

லாஞ்சின் தண்டல், அதாவது அதை ஓட்டுகிற தலைவர், கரையில் பாய்த் துணி தைத்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி ஒழுங்கா ஊத்துதா அண்ணாச்சி?"

"ஊத்துது தம்பி. என்ன, கொஞ்சம் மெலிசா ஊத்துது. பாசிக் காலம்லா."

"சூடு?"

"எஞ்சினுன்னா சுடத்தானே செய்யும்? ஏறிப் பாத்துருங்களேன். நான் வள்ளத்தக் கொண்டாரச் சொல்லுதேன்."

"வேண்டாம். பஸ்ஸுக்கு நேரமாச்சு."

மெலிசாக ஊற்றுகிறது என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. விழவில்லை என்று உன்னிடம் சொல்லப் போவதில்லை. படித்தவன் நான், அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து முழங்காலில் சீட்டை வைத்து எழுதினேன்: 'வடிகட்டி திறந்து சுத்தம் செய்யப்பட்டது. கை.'

'காது' என்று எழுதியிருந்தால் நீ ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கிளம்பிப் போய்ப் பார்த்திருப்பாய். உனக்கு ஒரு நாள் அலைச்சல், அதை மிச்சப்படுத்துகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். என் சீட்டில் அந்த வார்த்தை வருவது எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

திங்கட்கிழமை எனக்குத் தூத்துக்குடி சுங்கக் கிட்டங்கியில் ஒரு பெட்டி எடுக்க வேண்டியிருந்தது. குமாஸ்தா சாவியைத் தேடிக்கொண்டிருந்தார், நான் கடலுக்குள் நீளும் படகுத்துறைப் பாலத்தின் மேல் நின்று பொருமிக்கொண்டிருந்தேன். கீழவைப்பாரிலிருந்து வந்திருந்த அந்த லாஞ்சு இரண்டு உப்புத் தோணிகளை இழுத்துக்கொண்டு கப்பலைப் பார்த்துப் போவது தெரிந்தது. அதில் நீ இருப்பது எனக்குத் தெரியும். காலையில் காபிக் கடையில் சொன்னாய்: "கப்பல் எஞ்சினியரு ஒரு பம்ப் கேக்காராம். லாஞ்சு சும்மாதான போவுது, ஏறிப் போயிட்டு வந்துருதேன்."

பாதி தூரத்தில் லாஞ்சின் புகை வெள்ளையாக மாறியது. பிறகு புகையே இல்லை.

பாலத்தில் சாக்கு அடுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "லாஞ்சு நின்னுபோச்சு போலயே. கச்சான் காத்து வேற இந்தத் தள்ளு தள்ளுது. தோணி ரெண்டும் அது மேலயே போய் முட்டப் போவுது."

எனக்கு எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் வராமல் பிஸ்டன் சூடேறி சிலிண்டரோடு கடித்துக்கொண்டுவிட்டது. இரண்டரை மைல் தூரத்தில் நடப்பதை அந்தப் பாலத்தில் நின்றவர்களில் நான் ஒருவன்தான் போல்ட் போல்ட்டாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கச்சான் என்கிற அந்த மேல்காற்று லாஞ்சைக் கடலுக்குள் தள்ளியது. முன்னால் போகிற லாஞ்சு நின்றுவிட்டால் பின்னால் வருகிற உப்புப் பாரம் நிற்காது. ஒரு தோணியின் கயிற்றை வெட்டி விட்டார்கள். அது முயல் தீவுப் பக்கம் போய் மணலில் அடித்து, அடிப்பலகை விட்டு, உப்பெல்லாம் கடலுக்கே திரும்பிப் போனது. இன்னொரு தோணிக்காரர்கள் பாய் விரித்து, லாஞ்சையும் கட்டிக்கொண்டு, கரைக்கு எதிர்க்காற்றில் வெட்டி வெட்டி வந்தார்கள். மூன்று மணி நேரம். குமாஸ்தா சாவியோடு வந்து இரண்டு தடவை கூப்பிட்டார். நான் போகவில்லை. தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். தூரத்தில் எண்ண முடியவில்லை.

ஆள் சேதம் இல்லை. நீ கரி பூசிக்கொண்டு கரையேறினாய். என்னைப் பார்த்தாய். நேரே லாஞ்சின் பலகையைப் பெயர்க்க உட்கார்ந்துவிட்டாய். நானும் குனிந்து பிடித்தேன். வடிகட்டியைக் கழற்றி உள்ளே கையை விட்டு நீ வெளியே இழுத்தது, ஈரத் தலைமயிர்போல் ஒரு பிடி பாசி. அதை என் உள்ளங்கையில் வைத்தாய்.

"இது நாலு நாள் பாசி இல்லல. ஒரு மாசப் பாசி."

முதலாளி உன் கம்பெனிக்குத் தந்தி கொடுத்துவிட்டார் என்றும், மதுரையிலிருந்து உன் மேனேஜர் காலை வண்டியில் வருகிறார் என்றும் தண்டல் வந்து சொன்னார். போகவிருப்பது உன் வேலை. அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். உன் சம்பளத்தில்தான் மணப்பாட்டு வீட்டில் அடுப்பு எரிந்தது. உன் டைரியில் உன் கையெழுத்தில், வியாழக்கிழமை வடிகட்டி சுத்தம் செய்யப்பட்டது என்று இருந்தது. என் சீட்டை நம்பி எழுதியது.

கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாய். "நாளைக்கு ஒனக்குத் திருநெல்வேலி போவணும்லா? வண்டி எத்தன மணிக்கு?"

"பத்து இருபது."

"எங்க மேனேஜர் பத்து மணிக்கு முதலாளி ஆபீசுல உக்காருதாரு." துடைத்த துணியை மடித்துவிட்டு, "அப்பம் ஒனக்கு நேரம் இருக்காது" என்றாய்.

அது என்னைச் சோதித்துக் கேட்டதா, எனக்கு நீ திறந்துவிட்ட வழியா என்று இன்றைக்கும் தெரியவில்லை. "இருக்காது" என்றேன்.

விசாரணையில் நடந்ததைத் தண்டல்தான் பிறகு சொன்னார். அவரும் வாயைத் திறக்கவில்லை. சூடு ஏறியதைக் கவனிக்காமல் ஓட்டியவர் அவர்தானே. "அவன் ஒத்த வார்த்ததான் சொன்னான் தம்பி. வடிகட்டியத் தொறக்காமலே தொறந்தேன்னு எழுதுனது தப்புதான்னான். வேற யாரு பேரும் எடுக்கல." செய்தது நான், அதை அப்படியே சொன்னது நீ. உன்னை அன்றைக்கே நீக்கினார்கள். பொய் ரிப்போர்ட் எழுதியவன் என்ற சொல் உனக்கு முன்னால் எல்லா எஞ்சின் கம்பெனிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது, ஒருவரும் உன்னை எடுக்கவில்லை. முதலாளி உன் கம்பெனி எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு எங்களிடம் வாங்கினார். அந்த லாஞ்சில் இப்போது ஓடுவது நான் பொருத்திய எஞ்சின். அதற்காக எனக்கு ஒரு படி உயர்வு கொடுத்தார்கள். இதை வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நான் வந்து சொல்லியிருந்தால் உன் வேலை தப்பியிருக்குமா? ஒருவேளை இரண்டு பேருக்கும் சீட்டுக் கிழிந்திருக்கும். ஆனால் பொய்யன் யார் என்பது தெரிந்திருக்கும். கம்பெனி மாறிக் கம்பெனி எஞ்சினைத் தொட்டவன் என்பது வேறு குற்றம், அதை வைத்துக்கொண்டு நீ இன்னொரு இடத்தில் பிழைத்திருப்பாய்.

ஒரு வருஷம் கழித்து உன்னை அதே பாலத்தில் பார்த்தேன். கொழும்புக்குப் போகிற கப்பலுக்குப் படகு ஏற, தகரப் பெட்டியோடு நின்றாய். அங்கே ஏதோ ஒர்க்‌ஷாப்பில் வேலை என்றாய். மெலிந்திருந்தாய், இருமினாய். ஆனால் படகுக்காரரோடு அதற்குள் சிநேகமாகி, அவர் வீட்டுக் கிணறு எத்தனை அடி என்று விசாரித்துக்கொண்டிருந்தாய்.

"என்னல, இன்னும் ஆறு நாளுல ஏழு ஊருதானா?"

"எட்டு."

"பெரிய ஆளுதான்" என்று சிரித்தாய். படகில் கால் வைத்த பிறகு திரும்பி, "அன்னைக்கு வண்டியப் பிடிச்சியா?" என்றாய்.

"பிடிச்சேன்."

"பொறவு என்ன" என்றாய். படகைத் தள்ளிவிட்டார்கள்.

கொழும்பில் நெஞ்சுச் சளி முற்றி, மணப்பாட்டுக்குத் திரும்பி இரண்டு மாதம் கிடந்தாயாம். எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை. பஸ்ஸில் யாரோ பேசக் கேட்டு நான் வந்தது அடக்கம் ஆன மூன்றாம் நாள். உன் அம்மா இலை போட்டுச் சோறு வைத்தார்கள். "நீதானா அந்த நேரந் தவறாத தம்பி? அவன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். ஒரு நிமிசத்தச் சும்மா விடமாட்டான் அவன்ம்பான்." நீ வேறு எதையும் சொல்லவில்லை என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. நான் அந்தச் சோற்றைப் பாதியில் மூடிவைத்தேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றேன்.

போன திங்கட்கிழமை உன் மேனேஜருக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். அந்த வியாழக்கிழமை கீழவைப்பாருக்குப் போனவன் நான், வடிகட்டியைத் திறக்காமல் திறந்ததாக எழுதிக் கொடுத்தவன் நான் என்று. நான்கு வரி. கீழே என் பெயர், என் கம்பெனியின் பெயர். அவர் அதை எங்கள் ஆபீசுக்கு அனுப்புவார், அனுப்பட்டும். உனக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. அது உனக்கு வேண்டிய காலத்தில் நான் எழுதவில்லை.

அந்தக் கடிதத்தில் எழுதாத ஒன்று இருக்கிறது. பாலத்தில் நீ கேட்டபோதும் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அன்றைக்குப் பத்து இருபது வண்டி பத்து இருபதுக்குப் புறப்படவில்லை. மணியாச்சிப் பக்கம் ஏதோ கோளாறு, நாற்பது நிமிஷம் தாமதம் என்று பத்து மணிக்கே கரும்பலகையில் எழுதிவிட்டார்கள். முதலாளியின் ஆபீஸ் ரயிலடியிலிருந்து பத்து நிமிஷ நடை. போக பத்து, வர பத்து. நடுவில் நாற்பது நிமிஷம் இருந்தது, உள்ளே வந்து நான்கு வரி சொல்ல. ஸ்டேஷன் கடிகாரத்துக்கு நேர் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து, இதையெல்லாம் மனதுக்குள் சரியாகக் கணக்குப் போட்டேன். பத்தரைக்கு ஒரு தடவை போட்டேன். பத்து முப்பத்தைந்துக்கு மறுபடியும் போட்டேன், அப்போதும் போதும் என்றே வந்தது. டைரி மடியில் இருந்தது, திறக்கவில்லை. ஸ்பானர்களைத் துடைக்கவில்லை. என் பிரயாணங்களிலேயே ஒரு வேலையும் செய்யாமல் நான் உட்கார்ந்திருந்த நேரம் அது ஒன்றுதான்.

எனக்கு நேரம் இருந்தது.